தரங்கம்பாடி

தரங்கம்பாடி, தமிழ்நாட்டின் மயிலாடுதுறை மாவட்டத்தில், வங்காள விரிகுடாக் கரையில் காரைக்காலுக்கு வடக்கே அமைந்துள்ள ஒரு பேரூராட்சியும் வட்டத் தலைநகரும் ஆகும். இடையில் ஆங்கிலேயர் கைப்பற்றி வைத்திருந்த சில ஆண்டுகள் நீங்கலாக, 1620 முதல் 1845 வரை இது டேனியரின் குடியேற்றப் பகுதியாக இருந்தது. ஆட்சி டேனியருடையது எனினும், தமிழ் அச்சு வரலாற்றில் இவ்வூர் பெற்ற இடத்துக்கு இங்கு வந்து வாழ்ந்த ஜெர்மானியர்களே பெரிதும் காரணமாவர்.

பெயர்

இவ்வூரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்பதாகும். ஐரோப்பியர் இதனை டிராங்குபார் என அழைத்தனர். இங்குள்ள மாசிலாமணிநாதர் கோயில் பாண்டியர் காலத்தில் கட்டப்பட்டது. இக்கோயிலின் ஒரு பகுதி கடல் அரிப்பினால் அழிந்துவிட்டது.

டேனியக் குடியேற்றம்

1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி டேனியர் இங்கு வணிகத்தலம் அமைத்தனர். ஓவே கெத்தே என்பவரின் தலைமையில் டேன்ஸ்போர்க் கோட்டை கட்டப்பட்டது.

ஜெர்மானியர் வருகை

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்ரிக் புளுட்சோ ஆகியோர் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்தடைந்தனர். இருவருமே ஜெர்மானியர்கள், ஹாலே நகரின் பிராங்கே நிறுவனங்களுடன் தொடர்புடையவர்கள். சாக்சனி நாட்டின் புல்ஸ்னிட்சு என்னும் சிற்றூரில் பிறந்த சீகன்பால்க், திண்ணைப் பள்ளிச் சிறுவர்களுடன் அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். டேனிய ஆளுநருடன் ஏற்பட்ட முரண்பாட்டால் 1708-1709இல் நான்கு மாதங்கள் சிறையில் இருந்தார். இவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் திறக்கப்பட்டது. 1719இல் தம் 36ஆம் அகவையில் இறந்த இவரது உடல் அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது.

அச்சுக்கூடம்

தமிழ் நூல்கள் 16ஆம் நூற்றாண்டிலேயே கொல்லம் முதலிய இடங்களில் அச்சிடப்பட்டன. எனினும் அம்முயற்சி தொடரவில்லை. தரங்கம்பாடிக்கு இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும், ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துருக்களும் வந்து சேர்ந்தன. ஹாலே எழுத்துகள் பெரியனவாக இருந்ததால் காகிதம் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே சிறிய எழுத்துகள் இங்கேயே வார்க்கப்பட்டன. தமிழ்ப் புதிய ஏற்பாடு 1714-1715இல் அச்சேறியது. சீகன்பால்க் இலத்தீனில் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேயில் வெளியானது.

அச்சேறாத நூல்

சீகன்பால்க் 1708இலேயே தாம் திரட்டிய தமிழ் ஓலைச்சுவடிகளுக்கு ஒரு பட்டியல் தொகுத்தார். தமிழரிடம் கேட்டும் சுவடிகளைப் படித்தும் தென்னிந்தியக் கடவுளர் பற்றிய விரிவான நூல் ஒன்றை 1713இல் ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். சமயம் பரப்பச் சென்றவர் பிற சமயத்தாரின் கடவுளர் பற்றி ஐரோப்பாவில் நூல் வெளியிடுவது தகாது என ஹாலேயில் கருதப்பட்டதால், அக்கையெழுத்துப்படி அச்சிடப்படவில்லை. 1867இல்தான் வில்லெம் ஜெர்மான் என்பவர் அதனைச் சென்னையில் பதிப்பித்தார். நூல் எழுதப்பட்டு அதற்குள் 154 ஆண்டுகள் கடந்திருந்தன.

பிற ஜெர்மானியர்கள்

- கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்சு: 1750இல் இங்கு வந்தார், பின்னர் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் பணியாற்றினார்.
- யோகான் பிலிப் பாப்ரிசியஸ்: 1740இல் இங்கு வந்து, பின்னர் சென்னையில் பணியாற்றியவர். இவரது தமிழ்-ஆங்கில அகராதியின் திருத்திய பதிப்புகள் தரங்கம்பாடியிலிருந்து வெளிவந்தன.
- யோகான் பீட்டர் ரோட்லர்: மறைப்பணியாளர், தாவரவியலாளர், தமிழ் அகராதி தொகுத்தவர்.
- மொராவியச் சகோதரர்கள்: 1760இல் வந்து, பொறையாறு அருகே தோட்டம் அமைத்துக் கைத்தொழில் செய்து வாழ்ந்தனர். நோயால் பலர் இறந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குடியிருப்பு கைவிடப்பட்டது.

பிற்காலம்

1845இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றனர். அதன்பின் சிறிது காலம் தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமாக இது இருந்தது. அத்தகுதி தஞ்சாவூருக்குச் சென்றபின் ஊரின் முதன்மை குறைந்தது. 1840களில் ஜெர்மனியின் லைப்சிக் மறைப்பணிக் கழகம் இங்கு பணியைத் தொடர்ந்தது. முதல் உலகப்போரின்போது ஜெர்மானியப் பணியாளர்கள் வெளியேற்றப்பட்டனர். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. அதன் தலைமையகம் திருச்சிராப்பள்ளியில் உள்ளபோதும், அதன் பேராயர் தரங்கம்பாடிப் பேராயர் என்றே அழைக்கப்படுகிறார்.

இன்றைய நிலை

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலை இங்குள்ள மீனவர் குடியிருப்புகளில் பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. அதன்பின் பழைய கட்டிடங்கள் சில புதுப்பிக்கப்பட்டன. சீகன்பால்க் வாழ்ந்த இல்லம் 2017இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. டேன்ஸ்போர்க் கோட்டையிலும் ஓர் அருங்காட்சியகம் உள்ளது. கடல் அரிப்பு இவ்வூரின் கரையோரச் சின்னங்களுக்குத் தொடர்ந்து அச்சுறுத்தலாக உள்ளது.