திடலோர மருத்துவர் யாருடைய ஆள்?



2020 டிசம்பர் 4ஆம் நாள் கான்பராவில் நடந்த இந்தியா – ஆஸ்திரேலியா இருபது ஓவர் கிரிக்கெட் ஆட்டத்தைத் தமிழர் பலர் நினைவில் வைத்திருப்பர். சின்னப்பம்பட்டி நடராஜன் இவ்வகைப் பன்னாட்டு ஆட்டத்தில் முதன்முதலாகக் களமிறங்கி 3 விக்கெட்டுகளை வீழ்த்திய நாள் அது. அதே ஆட்டத்தின் கடைசி ஓவரில் ஸ்டார்க் வீசிய பந்து ஜடேஜாவின் தலைக்கவசத்தைத் தாக்கியது. மருத்துவக் குழு திடலுக்குள் வரவில்லை. அவரும் தொடர்ந்து ஆடினார். இடைவேளையில் அவருக்கு மூளை அதிர்ச்சி என்று இந்திய அணியின் மருத்துவக் குழு கூறியது. 2019 ஆகஸ்டில் நடப்புக்கு வந்த விதியின்படி மாற்றாக இறங்கிய சாஹல் 3 விக்கெட்டுகளை எடுத்து ஆட்ட நாயகனானார். ஆஸ்திரேலியப் பயிற்றுநர் லேங்கர் ஆட்ட மேற்பார்வையாளரிடம் வாதிட்டார்.

மருத்துவர்கள் உண்மையையே உரைத்திருக்கலாம். எனினும், அவர்கள் ஓர் அணியைச் சார்ந்தவர்களாதலின் ஐயம் எழுந்தது. சார்பற்ற மருத்துவர் ஒருவர் சோதித்திருந்தால் ஆட்டக்காரருக்கும் காப்பு. ஆட்டத்தின் நேர்மைக்கும் காப்பு.

தலையடியின் கொடுமை உடனே வெளிப்படுவதில்லை. 1998 பிப்ரவரி 20இல் டாக்காவில் தலைக்கவசமின்றி அருகில் நின்று பந்து தடுத்த இந்திய வீரர் ராமன் லம்பா, அடிபட்டபின் தாமே நடந்து திடலை விட்டு வெளியேறினார். மூன்றாம் நாள் உயிர் துறந்தார்.

நம் பிள்ளைகள் விரும்பும் காற்பந்தின் கதை என்ன? 2014 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜெர்மனியின் கிராமர் தலையில் அடிபட்டும் ஏறத்தாழ 14 நிமிடம் ஆடினார். இது இறுதியாட்டம்தானா என்று நடுவரையே வினவினார்! அவ்வாண்டு செப்டம்பரில் ஃபிஃபா, சோதனைக்காக ஆட்டத்தை 3 நிமிடம் நிறுத்தலாம் என்றது. முடிவையோ அணி மருத்துவரிடமே விட்டது. மூளை அதிர்ச்சிக்கான கூடுதல் மாற்று ஆட்டக்காரர் முறை 2021இல் சோதனையாகத் தொடங்கி, 2024 ஜூலையில், போட்டி அமைப்பாளர் விரும்பினால் ஏற்கத்தக்க விதியாக ஆட்ட விதிகளில் இடம்பெற்றது.

அமெரிக்கக் காற்பந்துச் சங்கம் 2013இலேயே எந்த அணியையும் சாராத நரம்பியல் மருத்துவரைத் திடலோரத்தில் நிறுத்தியது. ஆயினும், 2022 செப்டம்பர் 25இல் தடுமாறி நடந்த மயாமி வீரர் துவா மீண்டும் ஆட விடப்பட்டார். நான்கு நாளில் மற்றோர் ஆட்டத்தில் அடிபட்டுத் தூக்குப் படுக்கையில் வெளியேறினார். அதன் பின்னரே, தடுமாறுபவர் அன்று திரும்பக் கூடாதென விதி இறுக்கப்பட்டது. ஆக, சார்பற்ற ஆளும் வேண்டும். ஐயத்திற்கு இடமில்லா விதியும் வேண்டும்.

பிறை வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் திடல்களில் நரம்பியல் மருத்துவரை எதிர்பார்க்க இயலாது. ஆனால், குழுவை வெல்ல வைக்க வந்த ஆசிரியரே, அடிபட்ட மாணவன் தொடரலாமா என முடிவு செய்யும் வழக்கத்தை மாற்ற இயலும். ஏற்பாட்டுக் குழு, போட்டியிடாத பள்ளியின் ஆசிரியர் ஒருவரிடம் அப்பொறுப்பை ஒப்படைக்கலாம். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என ஐயுறப்படும் மாணவன் அன்று மீண்டும் ஆடக் கூடாது என்பதை எழுத்தில் வைக்கலாம். “எனக்கு ஒன்றுமில்லை, சார்” என்னும் பிள்ளையின் சொல்லை மருத்துவச் சான்றாகக் கொள்ளலாகாது.

பெற்றோரே, தலையில் அடிபட்ட பிள்ளைக்கு வாந்தி, கூடிவரும் தலைவலி, குழப்பம், மீறிய தூக்கக் கலக்கம் ஆகியவற்றுள் எது கண்டாலும் விடியும்வரை காத்திராதீர்கள். உடனே செபராங் ஜெயா மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.