பழஞ்சூத்திரமும் ஒப்புமை விழுக்காடும்: தமிழ் நூல்மரபில் ‘வழி’ அறிவித்தல்

முன்னுரை

உயர்கல்வி நிறுவனங்களில் கருத்துத் திருட்டைத் தடுப்பதற்கான ஒழுங்குமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டு வெளியிட்டது. அதன்படி ஆய்வேட்டில் காணப்படும் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருப்பின் தண்டனை இல்லை. 60 விழுக்காட்டிற்கு மேற்படின் ஆய்வாளரின் பதிவு நீக்கப்படும். பாடமும் ஒப்படைப்பும் இணையவழிக்கு மாறிவரும் இக்காலத்தில், ஆய்வு நேர்மை என்பது மென்பொருள் காட்டும் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடக்கூடும். பிறர் நூலிலிருந்து எடுத்தாள்வதைத் தமிழ் நூல்மரபு எவ்வாறு நோக்கியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாயிரத்தில் வழி

சிறப்புப் பாயிரம் கூறவேண்டிய எட்டனுள் ஆக்கியோன் பெயரை அடுத்து ‘வழி’யை வைக்கிறது நன்னூல். ஒரு நூல் எதிலிருந்து வந்தது என்பதை வாயிலிலேயே அறிவிக்கும் கடமை இது. தொல்காப்பியர் முந்தைய நூல்களை ஆராய்ந்தே தம் நூலை இயற்றினார் எனப் பனம்பாரனாரின் பாயிரம் உரைக்கிறது. தொல்காப்பிய மரபியல் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் ஆகியவற்றை வழிநூலின் வகைகளாகக் கொள்கிறது. எனவே மொழி மாறினாலும் மூலநூலுக்குரிய கடன் மாறுவதில்லை.

பழஞ்சூத்திரத்தை எடுத்தாளல்

பவணந்தியார் முன்னோர் சூத்திரங்கள் சிலவற்றை அவ்வாறே தம் நூலுள் அமைத்துக்கொண்டார். இன்றைய மென்பொருள் அதனை ஒப்புமை என்றே குறிக்கும். ஆனால் நன்னூல் அதற்கு இரு காரணங்கள் கூறுகிறது: முன்னோர் பொருளை மட்டுமன்றிச் சொல்லையும் போற்றுதல் ஒன்று, அவர்களினின்று வேறான நூல் செய்ததாகத் தாம் உரிமை கொண்டாடவில்லை எனக் காட்டுதல் மற்றொன்று. சொல்மாறாமல் எடுத்தாளுதல் அங்குக் கடனை ஒப்புக்கொள்ளும் அடையாளமாயிற்று. மூலநூலைக் கற்றறிந்த அவையோரே அதனைப் படித்தமையால் மறைப்பதற்கு இடமில்லை.

உரையும் பதிப்பும்

உரையாசிரியர்கள் பிறர் கருத்தை மறுக்குமிடத்துப் பெயர் சுட்டாதபோதும் ‘உரைப்பாரும் உளர்’ என எழுதி, அது தம் கருத்தன்று என்பதைப் பிரித்துக் காட்டினர். அச்சுக் காலத்தில் இக்கடமை பதிப்பாசிரியர் முகவுரைக்கு வந்தது. உ.வே. சாமிநாதையர் 1894-இல் பதிப்பித்த புறநானூற்றில், தாம் பயன்படுத்திய ஏட்டுப் பிரதிகளைப் பற்றி முகவுரையில் தெரிவித்தார்.

இணையவழிக் கல்வியில்

இணையத்தில் படியெடுக்கப்படும் பத்தி தன் ஆசிரியரையும் அவையையும் இழந்து வருகிறது. அதனைக் குறிப்பின்றிச் சேர்ப்பவர், பவணந்தியார் துறந்த உரிமையையே கொண்டாடுகிறார். ஒரே செயல் அங்குப் பணிவு, இங்குக் களவு. மேலும், சொற்றொடர்களை மட்டும் ஒப்பிடும் முறை, ஆங்கிலக் கட்டுரையொன்றைத் தமிழாக்கித் தமதாகத் தருபவரைக் கண்டுகொள்ளாது. மாறாக, தொல்காப்பிய மேற்கோள்களைக் குறிப்புடன் நிரம்பத் தரும் மாணவரின் விழுக்காடு, மேற்கோள்களை விலக்காமல் கணக்கிட்டால், உயர்ந்து நிற்கும். முன்னவர் தப்ப, பின்னவர் விளக்கம் தரவேண்டியவராகிறார்.

முடிவுரை

ஒப்புமை விழுக்காடு ஐயத்தை எழுப்பும் கருவி, தீர்ப்பன்று. தமிழ் மரபு எடுத்தாளுதலைக் குற்றமாக்காமல், வழி கூறுதலைக் கடமையாக்கியது. இணையவழி ஒப்படைப்பு ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் எந்நூலிலிருந்து எது பெறப்பட்டது, தம் கருத்து எது என்று மாணவர் சில வரிகளில் எழுதும் முறை அம்மரபின் இயல்பான தொடர்ச்சியாக அமையும். மொழிபெயர்த்துத் தழுவியதும் அவ்வரிகளில் இடம்பெற வேண்டும்.