ஒரு கார்பன் வித்தியாசம்

2024 ஜூன் 18, 19 தேதிகளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயம் குடித்தவர்கள் வயிற்று வலி, வாந்தி, கண் மங்கல் என்று ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கினார்கள். சில நாட்களில் சாவு 65-ஐத் தொட்டுத் தாண்டியது. காரணம் மெத்தனால். பள்ளிக்கூடங்கள் திறந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை.

நான் இந்த வட்டாரத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன். பன்னிரண்டாம் வகுப்பில் ஆல்கஹால் பாடத்தை அதுவரை லூகாஸ் சோதனை, மூன்று மதிப்பெண் வினா என்று நடத்திவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வாரம் ஒரு பையன் கேட்டான்: "சார், ரெண்டுமே ஆல்கஹால்தானே? ஒண்ணு மட்டும் ஏன் கொல்லுது?"

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வரலாற்றிலிருந்து ஆரம்பித்தேன்.

1661-ல் ராபர்ட் பாயில் மரத்தைக் காய்ச்சி வடித்து ஒரு திரவத்தைப் பிரித்தார். அதன் இயைபைக் கண்டவர்கள் பிரான்ஸின் டூமாவும் பெலிகோவும், ஆண்டு 1834. 'மெத்தில்' என்ற பெயரில் மதுவுக்கும் மரத்துக்குமான கிரேக்கச் சொற்கள் ஒளிந்திருக்கின்றன. மரத்து மது. பாயில் காலத்திலேயே ஜான் ரே எறும்புகளை வடித்துப் பெற்ற அமிலம்தான் ஃபார்மிக் அமிலம்.

இந்த இரண்டு கதைகளும் நம் உடம்புக்குள் சந்திக்கின்றன. கல்லீரலில் உள்ள நொதி எத்தனாலைக் கடைசியில் அசிட்டிக் அமிலமாக்குகிறது. அதை உடம்பு எரித்துவிடும். மெத்தனாலில் ஒரு கார்பன் குறைவு. அதே நொதி அதை ஃபார்மால்டிஹைடாக்க, அது ஃபார்மிக் அமிலமாகிறது. செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்துவதை அந்த அமிலம் தடுக்கிறது. பார்வை நரம்பு முதலில் அடிபடுகிறது. நொதிக்கு எத்தனால்மேல்தான் ஈர்ப்பு அதிகம் என்பதால், ஃபோமெபிசோல் கிடைக்காத இடத்தில் டாக்டர்கள் எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதுண்டு.

"அப்ப சாராயத்துக்குச் சாராயமே மருந்தா சார்?" சிரிப்பு.

"டாக்டர் கையில மட்டும். வீட்ல கொடுத்தா ஆள் போயிடும்." சிரிப்பு நின்றது.

மதுவிலக்கைப் பற்றியும் பேசினோம். 1937 அக்டோபர் 1-ல் ராஜாஜி அரசு அதை முதலில் தொடங்கியது பக்கத்துச் சேலம் மாவட்டத்தில்தான். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அமெரிக்காவில், தொழிற்சாலை ஆல்கஹாலை யாரும் குடிக்கக் கூடாதென்று அரசே அதில் மெத்தனால் கலக்க வைத்தது. அப்படியும் குடித்தார்கள், செத்தார்கள்.

அப்போது கல்வராயன் மலையிலிருந்து வரும் மாணவி எழுந்தாள். "எல்லாரும் எங்க மலையத்தான் சார் சொல்றாங்க."

வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட ஊறலில் உருவாவது பெரும்பாலும் எத்தனால். ஊரையே சாய்க்கும் அளவு மெத்தனால் அதில் வராது. அது தொழிற்சாலைக் கரைப்பான். "காய்ச்சறது தப்புதான், உடம்புக்கும் கேடுதான். ஆனா இந்த விஷம் ஊறல்ல வந்தது இல்ல" என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் திட்டம், சுற்றியுள்ள வயலையும் கிராமத்தையுமே பாடமாக்கி 2002 வரை நடந்தது. அதைப் பற்றிப் படித்திருந்தும் நான் செய்து பார்த்ததில்லை.

மணி அடிக்கும்போது கடைசிக் கேள்வி வந்தது: "குடிக்கிறதுக்கு முன்னாடி மோந்து பார்த்து கண்டுபிடிக்க முடியுமா சார்?"

முடியாது. அதை வீட்டில் போய்ச் சொல்லச் சொன்னேன்.