நகர்பேசி ஒப்பந்தமும் நேரடிக் கொள்முதலும்

நகர்பேசி ஒப்பந்தம் என்பது கைபேசிக் கருவியையும் இணைப்பையும் ஒரே நிறுவனத்திடம் ஒருசேரப் பெற்று, குறிப்பிட்ட காலம் வரை மாதந்தோறும் கட்டணம் செலுத்த வாடிக்கையாளர் உடன்படும் முறையாகும். கருவியின் முழு விலையையும் கடையில் செலுத்தி வாங்கி, இணைப்பைத் தனியே பெறுவது நேரடிக் கொள்முதல் எனப்படும். அமெரிக்கா, கனடா, ஐக்கிய இராச்சியம் முதலிய நாடுகளில் முதல் முறை நெடுங்காலம் பரவலாக இருந்தது. இந்தியாவில் இரண்டாவது முறையே வழக்கமாயிற்று. இந்திய இணைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை முன்கட்டண (பிரீபெய்டு) இணைப்புகளாகும்.

செயற்படும் விதம்

ஒப்பந்த முறையில் சேவை நிறுவனம் கருவியை விலையைவிடக் குறைந்த தொகைக்கு அல்லது முன்பணம் ஏதுமின்றித் தருகிறது. குறைத்த தொகையை மாதக் கட்டணத்தின் வழியாகத் திரும்பப் பெறுகிறது. தொகை முழுவதும் வந்து சேரும் முன் வாடிக்கையாளர் விலகாதிருக்க இருவகைப் பூட்டுகள் பயன்படுகின்றன. ஒன்று சட்டப் பூட்டு. காலத்துக்கு முன் விலகினால் தண்டத்தொகை செலுத்த வேண்டும். மற்றொன்று தொழில்நுட்பப் பூட்டு. கருவி வேறு நிறுவனத்தின் சிம் அட்டையை ஏற்காது. ஒப்பந்தத்தின் நன்மை தீமைகள் பெரும்பாலும் இவ்விரு பூட்டுகளிலிருந்தே எழுகின்றன.

இந்தியாவில் வரலாறு

1995 ஆம் ஆண்டு சூலை 31 அன்று இந்தியாவின் முதல் நகர்பேசி அழைப்பு கொல்கத்தாவிற்கும் தில்லிக்கும் இடையே நடைபெற்றது. அதே ஆண்டில் சென்னையில் ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் ஆகிய நிறுவனங்கள் சேவையைத் தொடங்கின. அக்காலத்தில் வரும் அழைப்புகளுக்கும் கட்டணம் இருந்தது. 2003 மே 1 முதல் அழைப்பவரே கட்டணம் செலுத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. இதனால் சிறு தொகைக்கு முன்கட்டணம் செலுத்தியவர்களும் தடையின்றி அழைப்புகளைப் பெற முடிந்தது. மாதக் கட்டணம் என்னும் கட்டாயம் இல்லாத பயனரிடம் கருவியின் விலையைத் தவணையாகப் பெற வழியில்லை. எனவே கருவி வணிகமும் இணைப்பு வணிகமும் பிரிந்து வளர்ந்தன.

இதற்கு மாறான பெரிய முயற்சியை ரிலையன்சு இன்போகாம் மேற்கொண்டது. 2003 சூலையில் ‘மான்சூன் அங்காமா’ என்ற திட்டத்தின் கீழ் 501 ரூபாய் முன்பணத்திற்குக் கைபேசியும் இணைப்பும் வழங்கப்பட்டன. மீதித் தொகை மாதக் கட்டணத்துடன் பெறப்பட்டது. ஒரே தவணையில் கருவி வாங்க இயலாத பலர் இதனால் முதன்முறையாகக் கைபேசி பெற்றனர். ஆயினும் தவணை செலுத்தாமல் விலகியவர்களால் நிறுவனத்திற்கு வாராக்கடன் சேர்ந்தது. இச்சேவை சி.டி.எம்.ஏ. தொழில்நுட்பத்தில் அமைந்தது. தொடக்கத்தில் இத்தகைய கருவிகளில் தனி சிம் அட்டை இல்லை. எண் கருவியிலேயே பதியப்பட்டது. ஆகவே கருவியைக் கொண்டு வேறு நிறுவனத்திற்கு மாற முடியவில்லை.

2008 இல் ஐபோன் 3ஜி வெளியானபோது இரு முறைகளின் வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. அமெரிக்காவில் 8 கிகாபைட்டு கருவி இரண்டாண்டு ஒப்பந்தத்துடன் 199 டாலருக்கு விற்கப்பட்டது. அதே கருவி இந்தியாவில் அவ்வாண்டு ஆகத்து 22 அன்று 31,000 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தது. அமெரிக்க விலையில் சேராத பகுதி அந்நாட்டுப் பயனரின் மாதக் கட்டணத்தில் அடங்கியிருந்தது.

2017 இல் அறிவிக்கப்பட்ட சியோபோன் இடைப்பட்ட வடிவமாகும். 1,500 ரூபாய் வைப்புத் தொகைக்குக் கருவி தரப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின் கருவியைத் திருப்பித் தந்தால் வைப்புத் தொகை திரும்பக் கிடைக்கும். ஆண்டுதோறும் குறைந்தது 1,500 ரூபாய்க்கு மறுநிரப்பம் (ரீசார்ஜ்) செய்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. கருவி அந்நிறுவனத்தின் இணைப்பில் மட்டுமே இயங்கியது.

சேவை நின்றபோது

நிறுவனத்தின் சேவையே நின்றுபோகும் வேளையில் ஒப்பந்தத்திற்கும் நேரடிக் கொள்முதலுக்கும் உள்ள வேறுபாடு முழுமையாக வெளிப்படுகிறது.

ரிலையன்சு கம்யூனிகேசன்சு 2016 இல் தன் சி.டி.எம்.ஏ. வாடிக்கையாளர்களை 4ஜி சேவைக்கு மாற்றியது. சி.டி.எம்.ஏ. மட்டுமே அறிந்த கருவிகளை வைத்திருந்தோர் புதிய கருவி வாங்க வேண்டியதாயிற்று.

தமிழ்நாட்டில் 1999 இல் சேவையைத் தொடங்கிய ஏர்செல் 2018 பெப்ரவரியில் நொடிப்பு நடவடிக்கைக்கு விண்ணப்பித்தது. அம்மாதத்தில் மாநிலத்தின் பல பகுதிகளில் அதன் சேவை முடங்கியது. பெரும்பாலான ஏர்செல் பயனர்களின் கருவி அவர்களுக்கே உரியதாகவும் பூட்டற்றதாகவும் இருந்தது. ஆகவே வேறு நிறுவனத்தின் சிம் அட்டையைப் பொருத்தியதும் கருவி இயங்கியது. எண்ணைக் காப்பதே கடினமாக இருந்தது. நிறுவனம் மாறுவதற்கான குறியீட்டைப் பெற 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அதற்கும் அலைவரிசை தேவைப்பட்டது. முன்கட்டண இருப்பும் புதிய நிறுவனத்திற்கு மாற்றப்படுவதில்லை.

நெய்வேலி நகரியத்தில்

கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி நகரியம், 1956 இல் நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தால் (2016 முதல் என்.எல்.சி. இந்தியா) தன் பணியாளர்களுக்காக அமைக்கப்பட்டது. குடியிருப்புகள் நிறுவனத்திற்கு உரியவை. பணி ஓய்வு பெறுவோர் அவற்றைக் காலி செய்ய வேண்டும். பணிக்காலத்திலும் இடமாற்றம் உண்டு. நிறுவனத்திற்கு இராசத்தானின் பிக்கானேர் மாவட்டத்தில் பர்சிங்சர் சுரங்கமும் மின்நிலையமும், ஒடிசாவில் தலபிரா நிலக்கரிச் சுரங்கமும் உள்ளன.

இவ்விடங்கள் வெவ்வேறு தொலைத்தொடர்பு வட்டங்களில் அடங்கும். எண் மாறாமல் நிறுவனம் மாறும் வசதி 2011 சனவரி 20 அன்று நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது ஒரே வட்டத்திற்குள் மட்டுமே செல்லுபடியானது. வட்டம் விட்டு வட்டம் மாறும் வசதி 2015 சூலை 3 முதல் கிடைத்தது. அதற்கு முன் நெய்வேலியிலிருந்து பர்சிங்சர் சென்ற பணியாளர் ரோமிங் கட்டணம் செலுத்திப் பழைய எண்ணைத் தொடரவோ, புதிய எண் பெறவோ வேண்டியிருந்தது. சொந்தக் கருவி உடையோர் அவ்வூரில் அலைவரிசை நன்கு கிடைக்கும் நிறுவனத்தின் சிம்மை அதே கருவியில் பொருத்திக்கொள்ளலாம். இரட்டைச் சிம் கருவியானால் பழைய எண்ணும் உடனிருக்கும். பூட்டிய கருவியில் இவை இயலா. அடிக்கடி இடம் மாறுவோருக்கும், முகவரி மாறவிருக்கும் ஓய்வு நிலையினருக்கும் நீண்டகால ஒப்பந்தம் பொருந்துவது அரிது.

செலவுக் கணக்கு

இரு முறைகளையும் ஒப்பிட, ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான மொத்தச் செலவைக் கணக்கிட வேண்டும். பின்வருவது கற்பனை எடுத்துக்காட்டு. இரண்டிலும் கருவியும் சேவையும் ஒன்றே எனக் கொள்க.

ஒப்பந்தம்: முன்பணம் 5,000 ரூபாய், மாதம் 1,100 ரூபாய் வீதம் 24 மாதங்களுக்கு 26,400 ரூபாய், மொத்தம் 31,400 ரூபாய்.
நேரடிக் கொள்முதல்: கருவி 20,000 ரூபாய்; மாதம் 350 ரூபாய் வீதம் 24 மாதங்களுக்கு 8,400 ரூபாய்; மொத்தம் 28,400 ரூபாய்.

வேறுபாடு 3,000 ரூபாய். ஒப்பந்தத்தில் இருப்பவர் தொடக்கத்தில் 15,000 ரூபாய் குறைவாகச் செலுத்துகிறார். பின்னர் மாதம் 750 ரூபாய் கூடுதலாகச் செலுத்துகிறார். அதாவது 15,000 ரூபாய் கடனுக்கு 18,000 ரூபாய் திருப்பித் தருகிறார். இரண்டாண்டுக்கு 20 விழுக்காடு, எனவே ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டி என்று தோன்றும். ஆனால் கடன் மாதந்தோறும் குறைந்துகொண்டே வருவதால் உண்மை வட்டி மாதம் ஏறத்தாழ 1.5 விழுக்காடாகும்; ஆண்டுக்கு ஏறத்தாழ 18 விழுக்காடு. பேச்சு வழக்கில் இது ‘ஒன்றரை வட்டி’ எனப்படும். இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைப்பவருக்கு நேரடிக் கொள்முதலே சிக்கனமானது. கையில் தொகையும் மலிவான கடனும் இல்லாதவருக்கு ஒப்பந்தம் பயன்படலாம்.

இந்தியாவில் ஒப்பந்தத்தின் இடத்தைப் பெரும்பாலும் கடைகளின் மாதத் தவணை (இ.எம்.ஐ.) முறை நிரப்பியுள்ளது. இதில் கடன் வங்கியிடமோ நிதி நிறுவனத்திடமோ பெறப்படுகிறது. இணைப்பைத் தேர்வது பயனரின் உரிமையாகவே இருக்கும். ‘வட்டியில்லாத் தவணை’ என்று விளம்பரப்படுத்தும்போது, வட்டிக்கு ஈடான தொகை பொதுவாக விலைத் தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. உடனடியாகப் பணம் செலுத்துவோருக்கும் அதே தள்ளுபடி உண்டா என்பதைப் பொறுத்தே அது உண்மையில் வட்டியற்றதா என அறியலாம்.

பிற நாடுகளில்

கனடாவில் 2017 திசம்பர் 1 முதல் பூட்டிய கருவிகளை விற்பது தடை செய்யப்பட்டது. ஐக்கிய இராச்சியத்தில் இத்தடை 2021 திசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் முடியும் தருவாயில் அதை வாடிக்கையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி அங்கு 2020 பெப்ரவரி முதல் உள்ளது. அறிவிப்பின்றேல், கருவியின் விலை தீர்ந்த பின்னும் பலர் பழைய கட்டணத்தையே செலுத்தி வரக்கூடும் என்பது இதன் காரணம்.

தெரிவு செய்யும்போது கருதத்தக்கவை

• ஒப்பந்தக் காலம், இடையில் விலகினால் செலுத்த வேண்டிய தொகை ஆகியவை எழுத்தில் இருத்தல். ஒப்பந்தத்தின் விலகல் நிபந்தனை நிறைவேறாவிடில், அல்லது பிற்கட்டண நிலுவை இருந்தால், எண்ணை மாற்றும் விண்ணப்பம் மறுக்கப்படலாம்.
• கருவி பிற நிறுவனங்களின் சிம்மை ஏற்குமா என்பது.
• வீடு, பணியிடம் இரண்டிலும் அலைவரிசை கிடைத்தல்.
• பழைய கருவியாயின் அதன் 15 இலக்க அடையாள எண். கருவியில் *#06# என அழுத்தினால் இவ்வெண் தோன்றும். திருடப்பட்ட கருவியா என்பதை இந்திய அரசு 2023 மே மாதம் தொடங்கிய ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் சரிபார்க்கலாம்.

இவற்றையும் பார்க்க

• நகர்பேசி
• சிம் அட்டை
• இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்
• நெய்வேலி