தமனிக் கசிவு, எலர்ஸ்-டான்லோஸ் நோயில்

எலர்ஸ்-டான்லோஸ் நோய்க்குறியின் இரத்தக்குழாய் வகையில், அடிபடாமலேயே தமனி கிழிந்து உள்ளே இரத்தம் கசியலாம். சிஓஎல்3ஏ1 மரபணுப் பிழையால் மூன்றாம் வகைக் கொலாஜன் குறைந்து, தமனிச் சுவர் நொய்ந்துபோவதே காரணம். பெற்றோரில் ஒருவருக்கு இப்பிழை இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. ஏறத்தாழ பாதிப் பேருக்குக் குடும்பத்தில் முன்வரலாறே இருப்பதில்லை. 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில் நோயாளிகளின் இடைநிலை ஆயுள் 48 ஆண்டு.

சிகிச்சையில் துணிச்சலைவிட அடக்கமே உதவும். திடீர் வயிற்றுவலியோடு வருபவருக்கு முதலில் சிடி ஆஞ்சியோகிராம். கசிவு தானாக அடங்கினால் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தி, ஓய்வில் வைத்துக் கண்காணிப்பர். அடங்காவிட்டால் மெல்லிய வடிகுழாய் செலுத்தி, உலோகச் சுருள்களால் அந்தத் தமனியை அடைப்பர். இதிலும் ஆபத்து உண்டு: குழாய் நுழையும் தொடைத் தமனியே கிழியக்கூடும். அறுவை கடைசி வழி. நனைந்த மைஒற்றுத்தாள் போன்ற திசுவில் தையல் நிற்காது. ஊசி போட்ட இடமே பிளந்துகொள்ளும்.

தடுப்பு மருந்துகளில் செலிப்ரோலால் முக்கியமானது. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் 53 பேரிடம் நடந்து 2010இல் வெளியான சோதனையில், அதை எடுத்துக்கொண்டவர்களுக்குத் தமனிக் கிழிசல் குறைந்தது. சோதனை சிறியதுதான், ஆனால் இத்தனை அரிய நோய்க்குப் பெரிய சோதனை எளிதில் வாய்க்காது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில், கிராஃப்டன் பகுதியிலுள்ள ஆக்லாந்து நகர மருத்துவமனையில், இத்தகைய சிகிச்சைக்கு வேண்டிய இரத்தக்குழாய் அறுவைப் பிரிவும் இடையீட்டுக் கதிரியல் பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ளன. குடும்பத்தினருக்கான மரபணு ஆலோசனையையும் பரிசோதனையையும் அந்நாட்டு மரபணு நலச் சேவை வழங்குகிறது.