தாய்மாமனின் பார்வை

கொச்சியின் சுள்ளிக்கல்லிலிருந்து மட்டாஞ்சேரி அரண்மனைக்கு நடந்தே போய்விடலாம். அங்கே 1864 முதல் ஆண்ட கொச்சி மன்னர்களின் ஓவியங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. அந்த வரிசையில் ஒருவருக்கு அடுத்து நிற்பவர் அவர் மகன் அல்லர். தாய்வழியில் மூத்த ஆண். அரியணையில் அமர்ந்தவர்கள் ஆண்கள், அந்த உரிமையைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்தியவர்கள் பெண்கள். மன்னர் பெற்ற பிள்ளைக்கு அதில் பங்கில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடமும் இதே வழக்கம் இருந்ததைக் கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்' வழியாகத் தமிழர்கள் அறிவார்கள். கேரளத்தில் 1976இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தோடு அதன் எச்சமும் முடிந்தது. நம் செல்களுக்குள் மட்டும் அது முடியவில்லை.

உண்ட உணவை ஆற்றலாக்கித் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியே ஒரு டிஎன்ஏ உண்டு. 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள், அவற்றிலிருந்து பிறக்கும் புரதங்கள் வெறும் 13. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 1981இல் அதை முழுவதும் படித்து முடித்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களுக்கான குறிப்பு செல்லின் உட்கருவில் இருக்கிறது. அது தாயும் தகப்பனும் சேர்ந்து தந்தது. இந்தப் பதின்மூன்று மட்டும் தாயின் சீதனம்.

அந்த டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்? இருபது வயதுப் பையன் ஒருவன் தோப்பும்படியில் பஸ்ஸுக்கு நிற்கிறான் என்று வையுங்கள். வண்டி வருவது தெரிகிறது, பலகையின் ஓரமும் தெரிகிறது. நடுவில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் தெரியவில்லை. வலி இல்லை, சிவப்பு இல்லை. சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், அடுத்த கண்ணிலும் நடுப்பார்வை மங்கிவிடுகிறது. ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லெபர் 1871இல் குடும்பம் குடும்பமாக விவரித்த நோய் இது. காரணம் தெரிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1988இல் டக்ளஸ் வாலஸ் குழுவினர் 11,778ஆவது எழுத்தைச் சுட்டிக்காட்டினார்கள். ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. அதனால் என்டி4 என்ற புரதத்தின் 340ஆவது இடத்தில் அர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்து உட்காருகிறது. அர்ஜினின் எப்போதும் நேர்மின்னேற்றம் சுமப்பது. ஹிஸ்டிடின் அப்படி நிலையாகச் சுமக்காது. ஆற்றல் உற்பத்தியின் முதல் படியில் புரோட்டான்களைத் தள்ளும் பெரிய கூட்டுப்புரதத்தில் என்டி4 ஓர் உறுப்பு. அங்கே தளர்ச்சி வந்தால் முதலில் தாங்காமல் போவது கண்ணின் நடுப்பகுதியிலிருந்து மூளைக்குச் செல்லும் மெல்லிய நரம்பிழைகள்.

இன்னொரு இடம் இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. ஏடிபி6 புரதத்தின் 156ஆவது இடத்தில் இருக்க வேண்டியது லியூசின். அது எண்ணெய்ப் பசை கொண்டது, சவ்வுக்குள் சுகமாக இருப்பது. அங்கே மின்னேற்றம் உள்ள அர்ஜினின் வந்தால், புரோட்டான் போகும் பாதையின் அருகிலேயே இடைஞ்சல். அதே இடத்தில் புரோலின் வந்தாலும் நோய்தான். ஆனால் பொதுவாக வேகம் குறைவு. ஒரு செல்லில் இந்த டிஎன்ஏவின் பிரதிகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருப்பதால், பிழையானவை எத்தனை பங்கு என்பதும் கணக்கில் வரும். அர்ஜினின் மாற்றம் 90 விழுக்காட்டைத் தாண்டினால் கைக்குழந்தையையே தாக்கும் லீ நோய். அதற்குச் சற்றுக் கீழே நின்றால் நரம்புத் தளர்ச்சியும் விழித்திரைக் கேடும். அமினோ அமிலச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்க முடியாது என்று 1963இல் சென்னையிலிருந்து உலகுக்கு வரைந்து காட்டிய ஜி. என். ராமச்சந்திரன், நமக்கு அக்கரையில், எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்தவர். ஒரே ஓர் அமிலம் மாறினால் ஏன் இத்தனை பாடு என்று கேட்பவருக்கு அந்தப் படம் பாதிப் பதில்.

லெபர் விவரித்த கண் நோயின் பிழை இந்தியாவில் எங்கிருந்து வந்தது? சென்னை சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையும் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையமும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, 11,778 மாற்றம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல தாய்வழிக் கிளைகளில் இருப்பதைக் காட்டியது. எவளோ ஓர் ஆதித்தாய் சுமந்து வந்து பரப்பியதல்ல. வெவ்வேறு குலங்களில் தனித்தனியே நேர்ந்தது. எந்தச் சாதிக்கும் எந்த ஊருக்கும் இதைக் கட்டிவிட முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மகனுக்குப் பார்வை போனதும் 'உன் வயிற்றுக் குறை' என்று தாயைக் குத்திப் பேசும் வீடுகள் இருக்கின்றன. அவளும் அதே எழுத்தைத்தான் சுமக்கிறாள், அவள் அம்மாவிடமிருந்து வாங்கி. சுமக்கும் ஆண்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கும், பெண்களில் பத்தில் ஒருவருக்குமே பார்வை போகிறது. ஏன் இந்த வேறுபாடு என்பதற்கு இன்னும் முழு விடை இல்லை. புகைபிடித்தல் ஆபத்தைக் கூட்டுகிறது என்பது மட்டும் தெளிவு. ஐடெபெனோன் என்ற மருந்துக்கு ஐரோப்பா 2015இல் அனுமதி தந்தது. சிலருக்கு ஓரளவு பார்வை திரும்புகிறது.

ஆகவே இளைஞன் ஒருவன் இப்படி வந்து நின்றால், அப்பாவின் கண்ணைப் பற்றி மட்டும் கேட்டு விட்டுவிடக் கூடாது. தாய்மாமனுக்குப் பார்வை எப்படி, பாட்டியின் உடன்பிறந்தாருக்கு எப்படி என்று கேட்க வேண்டும். தன் பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று அஞ்சிக் கல்யாணமே வேண்டாம் என்பவனிடம், உன்னிடமிருந்து இது போகாது, தயங்காமல் கட்டிக்கொள் என்று சொல்ல வேண்டும். பிறகு அவன் அக்காவைக் கூப்பிட்டு, அவள் பையன்கள் சிகரெட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும்.