இந்தியில் முன்னிலைப் பெயர்களும் மதிப்பும்: வரலாற்று நோக்கு

இந்தியில் எதிரில் இருப்பவரைச் சுட்ட 'தூ', 'தும்', 'ஆப்' என மூன்று பெயர்கள் வழங்குகின்றன. இவற்றைத் தாழ்வு, சமநிலை, உயர்வு எனப் படிநிலையாகக் கற்பிப்பதே பாடநூல் மரபு. கற்பவருக்கு அது போதும். ஆயின், இவற்றுள் ஒன்றுகூட மதிப்பை உணர்த்துவதற்கென்றே தோன்றிய சொல் அன்று.

'தூ' வடமொழி ஒருமையாகிய 'த்வம்' என்பதோடு தொடர்புடையது. 'தும்' பிராகிருதப் பன்மையாகிய 'தும்ஹே' என்பதன் வழிவந்தது. ஒருவரைப் பலர்போலச் சுட்டி உயர்த்தும் வழக்கால் 'தும்' ஒருமைக்கும் உரியதாயிற்று. அதனால் பலரைத் தெளிவாகக் குறிக்க இன்று 'தும் லோக்' என்று மற்றொரு சொல்லைச் சேர்க்கின்றனர். 'தும்' உயர்ந்தபோது 'தூ' ஒதுங்கியது. இறைவனை விளிக்கையில் நெருக்கத்தையும், ஏவலரை விளிக்கையில் இழிவையும் அது ஒருங்கே சுமக்கலாயிற்று. பிரேம்சந்தின் 'டாக்குர் கா குவான்' (1932) என்னும் சிறுகதையில், தீண்டாமையால் நல்ல நீர் மறுக்கப்பட்ட குடிசையில், நோயுற்ற ஜோக்கூ மனைவி கங்கியைத் 'தூ' என்கிறான். அவளோ 'தும்' என்பதற்குரிய வினையையே அவனிடம் ஆள்கிறாள். ஊரால் தாழ்த்தப்பட்ட இருவருக்கிடையிலும் ஒரு படி எஞ்சி நிற்கிறது. இதனை வெறும் நெருக்கம் எனக் கொள்வது பொருந்தாது. நெருக்கமாயின் அச்சொல் இருபுறமும் வழங்கியிருக்க வேண்டும்.

'ஆப்' இவ்விரண்டினும் வேறானது. 'ஆத்மன்' என்னும் வடசொல்லிலிருந்து பிராகிருத வழியாக வந்த இது, அடிப்படையில் 'தான்' எனப் பொருள்படும் தற்சுட்டுப் பெயர். 'தன்னுடைய' எனப் பொருள்தரும் 'அப்னா' இதன் இனமே. காமதா பிரசாத் குரு தம் 'இந்தி வியாகரண்' (1920) நூலில் 'ஆப்' என்பதைத் தற்சுட்டாகவும் மதிப்புப் பெயராகவும் தனித்தனியே விளக்க நேர்ந்ததும் இதனாலேயே.

இப்பிறப்பின் தடம் வினையில் தெளிவாகத் தெரிகிறது. 'தும்' முன்னிலைக்குரிய 'ஹோ' என்பதைக் கொள்ள, 'ஆப்' படர்க்கைப் பன்மைக்குரிய 'ஹைன்' என்பதைக் கொள்கிறது. எதிரில் நிற்பவரை நேரே சுட்டாமல், அங்கில்லாத பெரியோரைப் போலப் பேசுவதே இங்கு மதிப்பாகிறது. தமிழில் 'தாங்கள்' என்பதும் தற்சுட்டின் வழிவந்ததே. எனினும் 'தாங்கள் வந்தீர்கள்' என அதன் வினை முன்னிலைக்கு மாறிவிட்டது. தில்லி, பஞ்சாப் வட்டாரப் பேச்சிலும் 'ஆப்' என்பது 'ஹோ'வுடன் இயைந்து வருவதுண்டு. இலக்கண நூலார் அதனைப் பிழை என்பர். 'தாங்கள்' சென்ற வழியில் 'ஆப்' செல்கிறது என்பதே வரலாற்று நோக்கில் பொருந்தும்.